குளூட்டன் இல்லாத பீர், சைடர், தேன்மது: வீட்டில் முதல்முறை தயாரிப்பவர்களுக்கு

என் தங்கைக்குச் சீலியாக் நோய், அதாவது குளூட்டன் உள்ளே போனால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய், என்று மருத்துவர் உறுதியாகச் சொன்ன பிறகு வீட்டில் ரொட்டி மாறியது, சாஸ் மாறியது, பாத்திரம் கழுவும் பஞ்சுகூட மாறியது. பீர் மட்டும் மாறவில்லை. 'குளூட்டன் நீக்கப்பட்டது' என்று எழுதியிருந்த ஒரு பீரை வாங்கி வைத்துவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அரை கிளாஸ் குடித்தாள். அடுத்த மூன்று நாள் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் இந்த வேலையை அடியிலிருந்து கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். அப்படிக் கற்றதை, இப்போது தொடங்குகிறவர்களுக்குப் பயன்படும் வரிசையில் எழுதுகிறேன்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் ஒரு புரதக் கூட்டம். கோதுமையில் கிளையடின், பார்லியில் ஹோர்டீன், ரையில் செக்கலின் என்று பெயர் மாறும், சீலியாக் உள்ளவரின் சிறுகுடலுக்கு எல்லாம் ஒன்றுதான். வழக்கமான பீர், பார்லியை முளைகட்டிக் காயவைத்த மால்ட்டில் செய்வது. பொட்டலத்தில் வெறுமனே 'மால்ட்' என்று இருந்தால் அது பார்லி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓட்ஸில் இருக்கும் அவெனின் பெரும்பாலான சீலியாக் நோயாளிகளுக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதோடு வயலிலும் ஆலையிலும் அதில் கோதுமை கலந்துவிடுவது சகஜம். பழகும் காலத்தில் ஓட்ஸைத் தொடாமல் இருப்பதே நல்லது.

'நீக்கப்பட்டது' என்பதும் 'இல்லாதது' என்பதும் ஒன்றல்ல. முதல் வகையில், பார்லி பீரில் புரோலைல் எண்டோபெப்டிடேஸ் என்ற என்சைமைச் சேர்க்கிறார்கள். ஆஸ்பெர்ஜிலஸ் நைகர் என்ற பூஞ்சையிலிருந்து எடுப்பது. குளிரவைத்தால் பீர் கலங்குவதைத் தடுக்க வந்த பொருள். அது குளூட்டனைச் சிறு துண்டுகளாக வெட்டுகிறது. ஆனால் வெட்டுப்பட்ட துண்டுகளில் எது உடலைத் தொந்தரவு செய்யும், எது செய்யாது என்பதைச் சோதனைக் கருவியால் நம்பகமாகச் சொல்ல முடிவதில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013-இல் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால்தான் 'குளூட்டன் இல்லாதது' என்று எழுதலாம் என்று வரையறுத்தது; 2020-இல் நொதித்த பொருட்களுக்கென்று தனி விதி கொண்டுவந்து, நொதிப்பதற்கு முன்பே மூலப்பொருளில் குளூட்டன் இல்லை என்று பதிவேடு காட்ட வேண்டும் என்றது. நொதித்து முடிந்த பிறகு அளந்து நிரூபிக்க நம்பகமான வழி இல்லை என்பதுதான் காரணம்.

வீட்டில் செய்கிறவருக்கும் இதே விதிதான். கடைசியில் சோதித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். உள்ளே போகும் ஒவ்வொரு பொருளும் குளூட்டன் இல்லாததாக இருந்தால் வெளியே வருவதும் அப்படியே இருக்கும், வேறு வழியில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது நொதிக்கவைப்பதைப் பற்றிய கட்டுரை, சாராயம் வடிப்பதைப் பற்றியது அல்ல. வீட்டில் வடிப்பது தீப்பிடிக்கும் ஆபத்துள்ள வேலை, பல நாடுகளில் உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம். பீரும் சைடரும் (ஆப்பிள் சாற்றை நொதிக்கவைத்த பானம்) வீட்டுக்கென்று எவ்வளவு செய்யலாம், செய்யலாமா கூடாதா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். எதையும் வாங்கும் முன் உங்கள் இடத்துச் சட்டத்தைப் பாருங்கள்.

பாத்திரங்கள்

சானிடைசர் கிருமியைக் கொல்லும். குளூட்டன் கிருமி இல்லை, அது சாகாது. கொதிக்கவைத்தாலும் அப்படியே இருக்கும். தேய்த்துக் கழுவி வெளியேற்றத்தான் முடியும். ஏற்கெனவே பார்லி பீர் செய்துகொண்டிருந்தவர்கள் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறார்கள். எவர்சில்வர் பாத்திரத்தையும் கண்ணாடிக் கலத்தையும் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்தால் பயன்படுத்தலாம். கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளி, ரப்பர் குழாய், மரக்கரண்டி, வடிகட்டும் துணிப்பை, உள்ளே கை போகாத குளிர்விப்பான், தானியம் அரைக்கும் மில் இதெல்லாம் புதிதாகவே வாங்குங்கள். யாராவது பழைய சாமான்களை இலவசமாகத் தந்தாலும் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

10 லிட்டர் பீர் செய்யத் தேவைப்படுபவை: 18 முதல் 20 லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் பாத்திரம், மூடியும் ஏர்லாக்கும் உள்ள 15 லிட்டர் நொதிகலன், சைடருக்கு 5 லிட்டர் கண்ணாடி ஜாடி, 100 டிகிரி செல்சியஸ் வரை காட்டும் வெப்பமானி, ஹைட்ரோமீட்டர், ஒரு கிராம் துல்லியமுள்ள தராசு, இறக்குவதற்கு ஒரு குழாய், பாட்டில்கள், மூடிகள். ஏர்லாக் என்பது உள்ளிருந்து கரியமில வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சின்னக் குமிழ்க்குழாய். ஹைட்ரோமீட்டர் தண்ணீரில் 1.000 காட்டும், சர்க்கரை கரையக் கரைய எண் ஏறும். தொடக்க எண்ணிலிருந்து முடிவு எண்ணைக் கழித்து 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிடைக்கும். ஈஸ்ட் வேலையை முடித்ததா, பாதியில் நின்றதா என்று அறிய வீட்டில் நம்பகமான கருவி இது ஒன்றுதான். ஏர்லாக்கில் குமிழ் வருவதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சானிடைசரில் கழுவத் தேவையில்லாத அமில வகை வசதியானது. கொதித்து ஆறிய பிறகு பீரைத் தொடும் எல்லாவற்றையும் அதில் நனையுங்கள். ஆனால் முதலில் சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேண்டும். அழுக்கின்மேல் சானிடைசர் வேலை செய்யாது.

ஒளிந்திருக்கும் குளூட்டன்

பார்லி மால்ட்டை யாரும் தெரியாமல் வாங்கப்போவதில்லை. சிக்கல் சின்னப் பொருட்களில்தான் இருக்கிறது. பழுப்பரிசி சிரப்பில் சில வகைகளைப் பார்லி என்சைம் போட்டுத்தான் செய்கிறார்கள். 'டயஸ்டேஸ்' என்ற பெயரில் விற்கும் மாவு பார்லி மால்ட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம். பாக்டீரியாவிலிருந்தோ பூஞ்சையிலிருந்தோ எடுத்த அமைலேஸ், அதாவது மாவுச்சத்தை வெட்டும் என்சைம்தான் உங்களுக்கு வேண்டியது. ஊட்டச்சத்தாக விற்கும் 'ப்ரூவர்ஸ் ஈஸ்ட்' பார்லி பீர் ஆலையில் மிஞ்சிய மண்டியாக இருக்கக்கூடும். திரவ ஈஸ்ட்டைப் பெரும்பாலும் பார்லிச் சாற்றில்தான் வளர்க்கிறார்கள், உலர் ஈஸ்ட்டை வழக்கமாக வெல்லப்பாகில் வளர்க்கிறார்கள். எனவே உலர் ஈஸ்ட் வாங்குங்கள், அதிலும் தயாரிப்பாளரின் தகவல் தாளில் குளூட்டன் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நண்பரின் பார்லி பீர் அடியில் தங்கிய ஈஸ்ட்டை வாங்கிப் போடுவது கூடவே கூடாது.

பக்வீட் என்ற பெயரில் வீட் இருந்தாலும் கோதுமைக்கும் அதற்கும் உறவே இல்லை, அது புல் இனமே கிடையாது. சோளம், மக்காச்சோளம், அரிசி, கம்பு, தினை, பனிவரகு, கேழ்வரகு, கினோவா, டெஃப் எல்லாமே இயல்பாகக் குளூட்டன் இல்லாதவை. இயல்பாக இல்லாதது என்பது வேறு, மூட்டைக்குள் இல்லாதது என்பது வேறு. ஒருமுறை கலப்பில்லாதது என்று சொல்லி வாங்கிய தினையை வெள்ளைத் தட்டில் கைப்பிடி கைப்பிடியாகப் பரப்பிப் பார்த்தேன். நாலாவது கைப்பிடியில், அந்த மஞ்சள் உருண்டைகளுக்கு நடுவே, இருபுறமும் கூர்ந்து நடுவில் கோடு விழுந்த நீளமான ஒரு மணி கிடந்தது. பார்லி. ஒரே வண்டி, ஒரே ஆலை, ஒரே சாக்கு, அவ்வளவு போதும் அது வந்து சேர. அந்த மூட்டை பறவைகளுக்குப் போனது. சீலியாக் உள்ளவருக்குக் கொடுப்பதாக இருந்தால் சான்றிதழ் பெற்ற தானியத்தையே வாங்குங்கள், வாங்கிய பிறகும் தட்டில் பரப்பிப் பாருங்கள்.

முதல் வேலை சைடர்

பீர்தான் ஆசை என்று தெரியும், ஆனாலும் முதலில் சைடர் போடுங்கள். கொதிக்கவைக்க வேண்டாம், தானியம் வேண்டாம். ஈஸ்ட்டை எப்படிக் கையாள்வது, சுத்தம் எப்படி, பாட்டிலில் அடைப்பது எப்படி என்று மூன்றும் கைவந்துவிடும். ஆப்பிள் சாறு 4 லிட்டர் வாங்குங்கள். பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோவேட் இரண்டில் எது இருந்தாலும் ஈஸ்ட் வளராது, அந்தச் சாறு வேண்டாம். வைட்டமின் சி சேர்த்திருந்தால் பரவாயில்லை. நீங்களே பிழிந்த சாறாக இருந்தால் சாற்றில் உள்ள காட்டுக் கிருமிகளை அடக்கும் கேம்ப்டன் (சல்ஃபைட்) மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட்டு 24 மணி நேரம் விட்டு, அப்புறம் ஈஸ்ட் போடுங்கள்.

சானிடைசரில் நனைத்த ஜாடியில் சாற்றை ஊற்றி, ஹைட்ரோமீட்டரில் அளந்து எழுதிவையுங்கள். 1.045-க்கும் 1.055-க்கும் இடையில் இருக்கும். உலர்ந்த ஒயின் ஈஸ்ட் 2 கிராம், ஈஸ்ட்டுக்கான ஊட்டப்பொருள் பொட்டலத்தில் சொன்ன அளவு, விரும்பினால் தெளிவுக்குக் கொஞ்சம் பெக்டிக் என்சைம். கழுத்துவரை நிரப்பாமல் நுரைக்கு இடம் விட்டு ஏர்லாக்கைப் பொருத்தி, 16 முதல் 20 டிகிரி உள்ள இருட்டான இடத்தில் வையுங்கள். ஒரு கட்டத்தில் அழுகிய முட்டை வாடை வரலாம். பயப்படாதீர்கள், ஈஸ்ட்டுக்குச் சத்துப் பற்றாக்குறை என்று பொருள், பெரும்பாலும் தானே போய்விடும். இரண்டு மூன்று வாரத்தில் எண் 1.000-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 1.050-இல் தொடங்கி 1.000-இல் முடிந்தால் ஏறத்தாழ 6.5 சதவீதம். சாறு இனிப்பாக இருந்ததே என்று இனிப்பான சைடரை எதிர்பார்க்காதீர்கள், சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்றிருக்கும், நாக்கில் உலர்ந்த புளிப்புதான் நிற்கும். இனிப்பு வேண்டுமானால் எரித்ரிட்டால் போல ஈஸ்ட் தின்ன முடியாத ஒன்றைச் சேருங்கள்.

தேன்மதுவும் இதே வழிதான், பொறுமை மட்டும் அதிகம் வேண்டும். 1 கிலோ தேனை வெதுவெதுப்பான நீரில் கரைத்து மொத்தம் 4 லிட்டர் ஆக்கினால் எண் 1.073 அளவில் வரும், முழுவதும் நொதித்தால் 9.5 சதவீதத்தை ஒட்டி வரும். தேனில் ஈஸ்ட்டுக்கான சத்து அறவே குறைவு என்பதால் ஊட்டப்பொருளை ஒரேயடியாகப் போடாமல் முதல் நான்கு நாட்களுக்குப் பிரித்துப் போடுங்கள், போடும் முன் மெதுவாகக் கலக்கி வாயுவை வெளியேற்றுங்கள். வேகமாகக் கலக்கினால் ஜாடி பொங்கி வழியும். குடிக்கத் தகுந்த பக்குவத்துக்கு வர மாதங்கள் ஆகும்.

இரண்டாவது, சோளச் சிரப் பீர்

சைடர் நன்றாக வந்தால் அடுத்து வெள்ளைச் சோள சிரப்பில் (மக்காச்சோள சிரப் அல்ல) ஒரு பீர். தானியத்தை அரைத்து ஊறவைத்துச் செய்ய வேண்டிய வேலையை ஆலையே முடித்துக் கெட்டியான பாகாகத் தருகிறது. 10 லிட்டருக்கு என் அளவு: வெள்ளைச் சோள சிரப் 1.2 கிலோ, தேன் 200 கிராம், மக்காச்சோளத்திலிருந்து எடுத்த மால்ட்டோடெக்ஸ்ட்ரின் 150 கிராம், காஸ்கேட் வகை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) 45 கிராம், ஏல் வகை உலர் ஈஸ்ட் 6 கிராம். மால்ட்டோடெக்ஸ்ட்ரினை ஈஸ்ட் தின்னாது, வாயில் கொஞ்சம் கனமும் மேலே கொஞ்சம் நுரையும் அதனால் வரும். கோதுமையிலிருந்து எடுத்த மால்ட்டோடெக்ஸ்ட்ரினும் உண்டு, பொட்டலத்தைப் பார்த்து வாங்குங்கள்.

12 லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டுப் பாதி சிரப்பை ஊற்றிக் கரையும்வரை கிளறுங்கள். அணைக்காமல் ஊற்றினால் பாகு அடியில் தங்கிக் கருகும், அந்தக் கருகல் வாசம் கடைசி பாட்டில்வரை போகாது. மறுபடி கொதிக்கவிட்டு, பொங்கும் நுரை அடங்கியதும் ஹாப்ஸ் 15 கிராம் போடுங்கள், இது கசப்புக்கு. ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டும். 50-ஆவது நிமிடத்தில் அடுப்பை அணைத்து மீதிச் சிரப், மால்ட்டோடெக்ஸ்ட்ரின், ஊட்டப்பொருள் எல்லாம் கரைத்து, திரும்பக் கொதி வந்ததும் ஹாப்ஸ் இன்னொரு 15 கிராம். பத்து நிமிடம் கழித்து அடுப்பை நிறுத்தும்போது தேனும் கடைசி 15 கிராம் ஹாப்ஸும், இது மணத்துக்கு. சோளப் பாகுக்கு நாக்கின் ஓரத்தில் தெரியும் ஒரு துவர்ப்புக் கலந்த புளிப்பு உண்டு. எலுமிச்சை மணமுள்ள ஹாப்ஸ் அதோடு ஒத்துப்போகும், மண்வாசனையுள்ள ஹாப்ஸ் அதைத் தூக்கிக் காட்டும்.

இந்த இனிப்புச் சாற்றுக்கு வோர்ட் என்று பெயர். பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் இறக்கி, 20 டிகிரிக்கு வரும்வரை ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது ஈஸ்ட் போட்டால் செத்துவிடும். நொதிகலனுக்கு உயரத்திலிருந்து ஊற்றி நன்றாக நுரைக்கவிடுங்கள், தொடக்கத்தில் மட்டும் ஈஸ்ட்டுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். குறைந்தால் கொதித்து ஆறிய நீர் சேர்த்து 10 லிட்டருக்குக் கொண்டுவாருங்கள். எண் 1.048-ஐ ஒட்டி இருக்கும். ஈஸ்ட்டைத் தூவி, 18 முதல் 20 டிகிரியில் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். 1.012 பக்கம் இறங்கி, மூன்று நாள் இடைவெளியில் இருமுறை பார்த்தும் எண் மாறாமல் இருந்தால் முடிந்தது என்று பொருள். ஏறத்தாழ 4.7 சதவீதம் இருக்கும்.

மூன்றாவது, தானியத்திலிருந்தே

உண்மையான சுவை இங்கேதான் இருக்கிறது, நானும் இங்கேதான் அதிக நாள் திணறினேன். பார்லிக்கு எழுதிய செய்முறையில் பார்லியை எடுத்துவிட்டுச் சிறுதானிய மால்ட்டைப் போட்டேன். வந்தது பழுப்புக் கஞ்சி, சர்க்கரை இல்லை.

காரணம் இதுதான். தானியத்தில் இருப்பது மாவுச்சத்து, ஈஸ்ட்டுக்கு வேண்டியது சர்க்கரை. இடையில் வெட்டிக் கொடுப்பவை மால்ட்டில் உள்ள அமைலேஸ் என்சைம்கள். மாவுச்சத்து முதலில் நீரில் வெந்து கஞ்சிப்பதத்துக்கு வந்தால்தான் என்சைமால் அதைத் தொட முடியும். பார்லி மாவு 60 முதல் 65 டிகிரியிலேயே வெந்துவிடும், அந்தச் சூட்டில் அதன் என்சைம்களும் உயிரோடு இருக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் நடந்துவிடும். சோளம், அரிசி, சிறுதானியங்கள் 70 டிகிரிக்கு மேலும் போனால்தான் முழுசாக வேகும். அந்தச் சூட்டில் அவற்றின் என்சைம் அழிந்துபோகும், அதுவும் முதலிலேயே குறைவாக இருப்பது. எனவே வேகவைக்கும் சூடு ஒன்று, சர்க்கரையாக்கும் சூடு வேறொன்று என்று பிரித்து, இரண்டுக்கும் வெளியிலிருந்து என்சைம் தர வேண்டும்.

10 லிட்டருக்கு: பனிவரகு மால்ட் 3 கிலோ, பக்வீட் மால்ட் அரை கிலோ, நன்றாக அலசிய நெல் உமி 200 கிராம். பக்வீட் நுரைக்கு உதவும். வேறு நிறம் வேண்டுமானால் மால்ட்டில் கால் பங்கை ஓவனில் பொன்னிறமாக வறுத்துச் சேருங்கள். சிறுதானியம் சின்ன மணி, பார்லிக்கு வைக்கும் இடைவெளியில் அரைத்தால் பாதி மணி முழுசாக வெளியே வந்துவிடும். மில்லின் உருளைகளுக்கு நடுவே ஒரு வங்கி அட்டை நுழையாத அளவுக்கு நெருக்குங்கள். அரைத்ததைக் கையில் எடுத்துப் பார்த்தால் முழு மணி ஒன்றுகூடத் தெரியக்கூடாது.

12 லிட்டர் தண்ணீரை 85 டிகிரிக்குச் சூடாக்கி அடுப்பை அணையுங்கள். பெரிய வடிகட்டும் பையை உள்ளே விரித்து, மாவையும் உமியையும் கட்டி தட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளறினால் சூடு 78-க்கு இறங்கும். வெப்பம் தாங்கும் ஆல்ஃபா அமைலேஸைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் இப்போது சேருங்கள். முதல் சில நிமிடம் பார்க்கவே பயமாக இருக்கும். மாவு உப்பி, பசை மாதிரி இறுகி, கரண்டியை நட்டால் சாயாமல் நிற்கும். கிளறிக்கொண்டே இருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்தப் பசை கண்முன்னே உடையத் தொடங்கும், கரண்டி மெல்லச் சாயும், அப்புறம் பாத்திரத்தின் ஓரத்தில் தங்க நிறத் தண்ணீர் பிரிந்து நிற்கும், கரண்டி தடையே இல்லாமல் சுற்றும். நீண்ட மாவுச்சத்துச் சங்கிலிகளை என்சைம் வெட்டித் தள்ளியதன் அடையாளம் அது. எத்தனை முறை செய்தாலும் அந்த இடத்தில் நின்று பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை.

பாத்திரத்தைத் துணியால் மூடி ஒரு மணி நேரம் 75 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மூடியைத் திறந்து கிளறி 62 டிகிரிக்கு ஆறவிட்டு, அமைலோகுளூகோசிடேஸ் என்ற இரண்டாவது என்சைமைச் சேர்த்து இன்னொரு மணி நேரம். முதல் என்சைம் வெட்டிய துண்டுகளை ஈஸ்ட் தின்னும் சர்க்கரையாக்குவது இதுதான். இதை அதிக நேரம் விட்டால் எல்லாமே சர்க்கரையாகி, பீர் தண்ணீர் போல மெலிந்துவிடும்; அடுத்து வரும் கொதி இதன் வேலையை நிறுத்திவிடும்.

முடிந்ததா என்று பார்க்க ஒரு வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு சாறு, பக்கத்தில் ஒரு சொட்டு அயோடின். இரண்டையும் குச்சியால் இழுத்துச் சேருங்கள். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து மிச்சம் இருக்கிறது, இன்னும் அரை மணி நேரம் பொறுங்கள். அயோடினின் தேன்நிறம் அப்படியே நின்றால் பையைத் தூக்கி வடியவிட்டு, 75 டிகிரி நீர் 5 லிட்டரை மேலே ஊற்றி மீதிச் சர்க்கரையை அலசி எடுங்கள். சோதித்த சொட்டைத் திருப்பிப் பாத்திரத்தில் ஊற்றாதீர்கள், தட்டையும் கழுவுங்கள். கிடைத்த சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவைப்பதிலிருந்து மேலே சொன்ன சோளச் சிரப் பீர் முறைதான், தொடக்க எண் 1.050 அளவில் வரும். முதல் தடவை 1.042 வந்தால் வருத்தப்படாதீர்கள், பெரும்பாலும் அரைத்தது போதவில்லை என்று பொருள்.

தானியத்தை நாமே முளைகட்டினால் என்ன என்று கேட்பீர்கள். முடியும், ஒரு நாள் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, மூன்று நான்கு நாள் முளைவிட்டு, மிதமான சூட்டில் காயவைத்து, வேரைத் தேய்த்து உதிர்க்க வேண்டும். ஆனால் சோளத்தை மட்டும் இப்படிச் செய்யாதீர்கள் என்று புதியவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். சோள முளையில் துரின் என்ற பொருள் உண்டாகிறது, அது சயனைடை வெளிவிடக்கூடியது. காய்ந்த பிறகு வேரையும் முளையையும் முழுசாக நீக்கத் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை அது. எந்தத் தானியமானாலும் முளைவிடும்போது பூஞ்சை தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

பாட்டிலில் அடைக்கும்போது

எண் நின்றது உறுதியான பிறகே அடைக்க வேண்டும். லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, 10 லிட்டருக்கு 60 கிராம், கொஞ்சம் நீரில் கொதிக்கவைத்து ஆற்றி ஒரு சுத்தமான வாளியில் ஊற்றி, அதன்மேல் பீரைக் குழாய்வழி சலசலப்பில்லாமல் இறக்குங்கள். அடியில் இருக்கும் மண்டியை விட்டுவிடுங்கள். சர்க்கரையைக் கண்ணளவில் போடாதீர்கள், தராசில் போடுங்கள். இரண்டு பங்கு போட்டால், அல்லது நொதிப்பு முடியாமல் அடைத்தால், பாட்டில் வெடிக்கும், கண்ணாடிச் சில்லு அறை முழுவதும் பறக்கும். பீர் பாட்டில், நுரைக்கும் ஒயின் பாட்டில், சோடா பானத்தின் பிளாஸ்டிக் பாட்டில் இவைதான் அழுத்தம் தாங்கும். சாதாரண ஒயின் பாட்டிலோ அலங்காரப் பாட்டிலோ தாங்காது.

ஒவ்வொரு தடவையும் ஒரேயொரு பாட்டிலைப் பிளாஸ்டிக்கில் அடையுங்கள். தினமும் அதை அமுக்கிப் பாருங்கள். முதல் நாள் விரல் உள்ளே போகும், வாரக் கடைசியில் கல் மாதிரி இருக்கும், அப்போது மற்றவற்றிலும் வாயு ஏறியிருக்கும். அறைச் சூட்டில் இரண்டு வாரம், அப்புறம் குளிர்பெட்டி.

நுரை சீக்கிரம் அடங்குவது இந்தப் பீர்களில் இயல்பு, நுரையைத் தாங்கும் பார்லிப் புரதம் இதில் இல்லை. கிளாஸில் சோப்பு மிச்சம் இருந்தால் இன்னும் மோசம், நன்றாக அலசுங்கள். நொதிப்பு பாதியில் நின்றால் பெரும்பாலும் ஊட்டப்பொருள் போதாமைதான் காரணம், அல்லது அறை குளிர்ந்திருக்கும். மேலே சுருக்கம் விழுந்த வெள்ளை ஆடை படர்ந்து காடி வாடை அடித்தால் கிருமி புகுந்துவிட்டது, கொட்டிவிட்டு அடுத்த முறை குழாயையும் குழாய்முனைகளையும் மாற்றுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். தேதி, தானியம், மால்ட் பையின் தொகுதி எண், ஈஸ்ட்டின் பெயர், என்சைமின் பெயர், ஹாப்ஸ். யாருக்காவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எந்தப் பொருளால் என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க அது ஒன்றுதான் வழி. என் தங்கை இப்போதும் கிளாஸை நீட்டும் முன் பாட்டிலைத் திருப்பி அந்தச் சீட்டை வரி வரியாகப் படிக்கிறாள். அவள் படித்து முடித்த பிறகே ஊற்றுவேன், அடியில் இருக்கும் மண்டி கலங்காமல் சாய்த்து, கடைசி ஒரு விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிடுவேன்.